ஓதத்துக்குக் கண் வைத்தவர்

நாகலூர் பஸ் நிறுத்தத்தில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். எஸ்டேட் வேலைக்குப் போகும் ரப்பர் பூட்ஸ், காதில் செருகிய பிரஷ். சுவரில் மழை ஈரம் ஊறி ஓதம் படர்ந்த கறைகளுக்குக் கண்ணும் காலும் மட்டும் வரைவார். கறை காட்டெருமையாகும், ஆந்தையாகும்.

சுண்ணாம்பு வாளியோடு ஒருவர் வந்தார். “ஏனுங்கம்மா, கவர்மென்ட் செவுத்துல வெளையாட்டா? எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டாங்க.”

“அழிச்சுக்கோங்க. மழ பேஞ்சா ஓதம் மறுக்கா வரும். நானும் வருவனுங்க.”

அவர் அடித்த சுண்ணாம்பில் ஆந்தை மறைந்ததும், என்னோடு நின்ற மகள் அழுதாள். அந்த அம்மா தன் பிரஷ்ஷை அவளிடம் நீட்டினார்.

“அழுவாத சாமி. அந்த மேல் மூலையில இன்னும் ஒரு கறை இருக்குது, நீ வரை.”

யாராவது திட்டுவார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். வீட்டுச் சுவரில் கிறுக்கினால் அதட்டுகிறவள் நான். ஆனாலும் மகளைத் தூக்கிப் பிடித்தேன்.

சரியாகத்தான் செய்தேனா, தெரியவில்லை. குரலை உயர்த்தாமல் ஒருவரால் எப்படி அப்படி எதிர்த்து நிற்க முடிகிறது?