உளுந்து வயலில் ஒற்றை மான்

போன மாசியில் ஒரு மானுக்குப் பின்னால் வயலில் தவழ்ந்து போனேன். கால்நடை மருத்துவராக இத்தனை வருஷம் வேலை பார்த்தும், ஒரு மிருகத்தின் கண்ணில் படாமல் அதை நெருங்க வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை. மாடும் ஆடும் கயிற்றில் கட்டி என்னிடம் இழுத்து வரப்படுகிறவை. நான் எங்கும் பதுங்கியதில்லை.

அப்போது சிதம்பரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தேன். சொந்த வீடு கடலூரில், மஞ்சக்குப்பத்தில். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். தங்கையின் குடும்பத்தோடுதான் அந்த வீட்டில் இருந்தேன். தங்கையின் கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து எல்லாரும் கிளம்பிப் போனார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் குழாய் சொட்டுவதுகூட கூடம் வரைக்கும் கேட்டது. என்னால் இருக்க முடியவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்துக்கு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு, பஸ் வசதிக்காகச் சிதம்பரத்தில் குடியேறினேன். தனிமை மட்டும் கூடவே வந்துவிட்டது. ஒரு திங்கள்கிழமை காலை கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னபோது குரலே எழும்பவில்லை. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒடம்பு சரியில்லையா மேடம்?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல," என்று கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.

மானைப் பற்றி முதலில் சொன்னவள், கன்று ஈன்று சில வாரமே ஆன சிவப்புப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். புருஷன் லாரி ஓட்டுகிறான், எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவான். ஆற்றை ஒட்டிய நிலத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பசுவுக்கு மடி வீங்கியிருந்தது. நான் ஊசி போட, அது பின்னங்காலை உதற, அவள் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"டாக்டரம்மா, எங்க உளுந்துல ஒரு மான் வந்து மேயுது. கொம்புல வலை சுத்திக் கெடக்கு. வாயைத் தொறக்கவே முடியல அதால. பாத்தா பாவமா இருக்கு."

அறுவடை முடிந்த நெல் வயலில்தான் எங்கள் பக்கம் உளுந்து வளரும். அப்போது பூ வைக்கிற பருவம். பன்றி வராமலிருக்கக் கடற்கரை ஊர்களிலிருந்து பழைய மீன்வலையை வாங்கிவந்து வயலைச் சுற்றிக் கட்டுவார்கள். அப்படி ஒன்றில்தான் மான் மாட்டிப் பிய்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தேன். புள்ளிமான், நன்றாக வளர்ந்த கிடா. வலை இரண்டு கொம்பையும் சேர்த்துச் சுற்றி, முகத்தின் குறுக்கே இறங்கி, தாடைக்குக் கீழே முறுக்கிக் கிடந்தது. உதட்டு நுனியால் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளித் தின்றது. விலா எலும்பு தெரிந்தது. கூட வேறு மான் எதுவும் இல்லை.

வனத்துறைக்குச் சொன்னேன். மறுநாள் சிதம்பரத்திலிருந்து ஒரு வனக்காவலர் பைக்கில் வந்தார். மயக்க ஊசித் துப்பாக்கி பழுதாகி எங்கேயோ போயிருக்கிறதாம், வர நாளாகுமாம். என்னிடம் ஊதுகுழல் இருந்தது. ஒரு பயிற்சியின்போது வாங்கியது. என் உயரத்துக்கு மேல் நீளமான அலுமினியக் குழல், வாயால் ஊதினால் மருந்து ஊசி பாயும். முரட்டுத் தெருமாடுகளைப் பிடிக்க அதைப் பயன்படுத்தியிருக்கிறேன், அவை ஆளைக் கண்டு ஓடாது. ஆனால் ரொம்பப் பக்கத்தில் போனால்தான் ஊசி சேரும்.

"பக்கத்துல எப்பிடி போவீங்க மேடம்?" என்று கேட்டுவிட்டு அவர் வயலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் கணுக்கால் உயரச் செடி. முழங்கால் உயரம்கூட வராத வரப்புகள். ஒரு மோட்டார் கொட்டகை, ஒரு மின்கம்பம். அதற்கப்பால் வெள்ளாறு. ஒளிய ஒரு புதர் கிடையாது.

முதல் நாள் வரப்போரமாகக் குனிந்து போனேன். பாதி தூரத்திலேயே அது தலையைத் தூக்கி, முன்னங்காலால் தரையைத் தட்டிவிட்டு ஓடிவிட்டது. இரண்டாவது நாள் அது வருவதற்கு முன்பே போய் வரப்பின் மறைவில் படுத்துக்கொண்டேன். காவலர் ரோட்டில் நின்று நாய்களையும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் தடுத்துக்கொண்டிருந்தார். நாய் துரத்தினால் மான் பயத்திலேயே செத்துவிடும்.

மண் முதலில் குளிர்ச்சியாக இருந்தது, வெயில் ஏற ஏறச் சுட்டது. எறும்பு கழுத்தில் ஊர்ந்தது, தட்டிவிடவில்லை. மான் வந்தது. நேராக வராமல் எதிர்க்கோடியில் நின்று மேய்ந்தது. நாலு கொழுந்து கிள்ளும், தலையைத் தூக்கும், காதைத் திருப்பும். கூட்டமாக இருந்தால் ஒன்று மேயும்போது இன்னொன்று பார்த்துக்கொள்ளும். இதற்கு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக் கிடந்தேன். ரொம்ப நேரத்துக்குப் பிறகு என் கண் கலங்கியது. மானுக்காகவா என்றால் அப்படிச் சொல்ல முடியாது. மஞ்சக்குப்பத்து வீட்டில் ராத்திரி படுக்கப்போகுமுன் வாசல் கதவு, பின்கதவு, மாடிக்கதவு என்று மூன்றையும் நானே போய் இழுத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

மதியம் காற்று திரும்பியது. கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று என் வாசனையை நேரே அதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. மான் தாவி ஆற்றில் இறங்கிவிட்டது. எழுந்து நின்றபோது என் புடவையெல்லாம் புழுதி. ரோட்டில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சாயங்காலம் அந்தப் பெண் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வரப்பு வழியே போனாள். மான் மறுபடி வந்து நின்றிருந்தது. பசு அதற்கு ரொம்பப் பக்கமாகவே கடந்து போயிற்று. மான் ஒருமுறை பார்த்துவிட்டு மேயத் தொடங்கியது. கொட்டகைப் பக்கம் அவள் வந்ததும் கேட்டேன்.

"நாளைக்கு உன் மாட்டுக்குப் பின்னால மறைஞ்சு நான் வரட்டுமா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டாக்டரம்மா, ஒங்களப் பாத்தாலே இது கயித்தை அறுத்துகிட்டு ஓடும். அன்னிக்குப் போட்ட ஊசிய மறந்திருக்குமா?"

சொன்னபடியே நடந்தது. மறுநாள் காலை நான் நெருங்கியதும் பசு மூச்சைச் சீறிவிட்டு ஒரு சுற்று சுற்றியது. என் மேலிருந்த மருந்து வாடை அதற்குத் தெரிந்துவிட்டது. அவள் யோசித்தாள். வயல் வேலைக்குப் புடவை மேல் போட்டுக்கொள்ளும் தன் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"இத மாட்டிக்குங்க. பால் கறக்கறப்ப இதான் போட்டிருப்பேன். நாத்தம் ஜாஸ்தி, கோச்சுக்காதீங்க."

சாணமும் பாலும் வியர்வையும் கலந்த வாடை. போட்டுக்கொண்டேன். பசு முகர்ந்தது, இன்னொரு முறை முகர்ந்தது, பிறகு தலையைத் திருப்பிக்கொண்டது. அவள் கழுத்துப் பக்கம், நான் வயிற்றுப் பக்கம். இரண்டு பேரும் குனிந்து, பசு நடக்கிற வேகத்திலேயே நடந்தோம். அது நின்று மேய்ந்தால் நாங்களும் நின்றோம். என் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டே இருந்தது. அவள் மூச்சு எனக்குக் கேட்டது. ஒரு மனுஷியோடு அவ்வளவு ஒட்டி நின்று எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது. தோன்றியதும் கூச்சமாகவும் இருந்தது.

"பாக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மாட்டைத்தான் பாக்குது."

"நேரா போக வேணாம், பக்கவாட்டுல போவோம்," என்றாள். அப்படியே போனோம். மானின் கண்ணோரத்து ஈ தெரிகிற தூரம் வந்ததும் பசுவின் முதுகுக்கு மேலாகக் குழலை நீட்டினேன். வாய் உலர்ந்து கிடந்தது. எச்சிலைக் கூட்டி, மூச்சை இழுத்து ஊதினேன். ஊசி தொடையில் தைத்தது. மான் துள்ளி ஓடியது. ஓடி நின்று திரும்பிப் பார்த்தது. இப்போது பசுவைத் தாண்டி நேராக என்னைப் பார்த்தது.

மயக்கம் ஏறும்வரை யாரும் அசையக்கூடாது. அவளும் நானும் பசுவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றோம். மான் தள்ளாடி வாய்க்கால் வரை போய், முன்னங்கால் மடிந்து உட்கார்ந்தது.

ஓடிப்போய் முதலில் அதன் கண்ணைத் துண்டால் கட்டினேன். வயிறு உப்பாமலிருக்க நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வைத்தோம். காவலர் தலையைத் தாங்கிக்கொள்ள, நான் வலையைக் கத்தரித்தேன். நைலான் தோலுக்குள் இறங்கியிருந்தது. புண்ணில் புழு. கழுவி மருந்து வைத்தேன். அவள் வாய்க்கால் தண்ணீரைக் குடத்தில் மொண்டு அதன் உடம்பில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"கூண்டு வண்டி வருதாம். காட்டுல கொண்டுபோய் விடணும்னு சொல்றாங்க மேடம்," என்றார் காவலர்.

"எப்ப வரும்?"

"மதியம் ஆயிடும்."

"அதுவரைக்கும் மயக்கத்துல வெச்சிருக்க முடியாது. இந்தச் சூட்டுல வண்டியில ஏத்துனா வழியிலயே போயிடும். இங்கயே எழுப்பி விட்டுடலாம்."

"தனியாதானே சுத்தும்? கூட்டத்துல சேத்துவிட்டா நல்லதில்லையா?"

அவர் கேட்டது நியாயம்தான். "உயிரோட தனியா இருக்கட்டும்," என்றேன். அவர் கொஞ்சம் தள்ளிப்போய்ப் போனில் பேசிவிட்டு வந்து, "சரி, எழுப்புங்க," என்றார்.

மயக்கம் தெளியும் மருந்தைப் போட்டு, துண்டை அவிழ்த்துவிட்டுத் தள்ளி நின்றோம். காது ஆடியது. தலை நிமிர்ந்தது. முதல்முறை எழுந்தபோது பின்னங்கால் சறுக்கியது, இரண்டாம் முறை நின்றுவிட்டது. வாயை அகலத் திறந்து மூடியது. அத்தனை நாள் முடியாமலிருந்ததைச் செய்து பார்ப்பதுபோல மறுபடியும் திறந்து மூடியது. பிறகு ஆற்றுப் பக்கம் நடந்து நாணலுக்குள் போயிற்று. அந்தப் பெண் கும்பிட்டாள். காவலர் வலைத் துண்டுகளைச் சாக்கில் அள்ளிக் கட்டினார்.

அன்று அவள் வீட்டில் சாப்பிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு, முட்டை. நான் எங்கே இருக்கிறேன், யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். "அய்யோ" என்று அவள் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "மாட்ட பாக்கற சாக்குல வந்துட்டுப் போங்க," என்றாள். இரண்டு மூன்று முறை போனேன். வைகாசியில் அவள் புருஷனுக்கு நாமக்கல் பக்கம் ஒரு விபத்தில் கால் முறிந்தது. அவனைப் பார்த்துக்கொள்ள நாமக்கல்லுக்குப் போய், அங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டாள். பசுவை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

மழைக்கு முன்பு ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தேன். கீழே மணல் திட்டில், தேங்கிய தண்ணீர் ஓரத்தில் கிளைக்கொம்புள்ள ஒரு கிடா மான் நின்று குடித்துக்கொண்டிருந்தது. அதுதானா என்று அவ்வளவு உயரத்திலிருந்து சொல்ல முடியாது. கூட எதுவும் இல்லை. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. பக்கத்து சீட்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கையைத் தொட்டேன்.

"அங்க பாரும்மா, மான்."

அவள் ஒரு காதை விடுவித்துக்கொண்டு என் மேலாகச் சாய்ந்து பார்த்தாள். "எங்க ஆன்ட்டி?"

பஸ் பாலத்தைத் தாண்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் சூளை போய்க்கொண்டிருந்தது.

"ஆத்துல நின்னுது," என்றேன்.

"ஓ," என்று சிரித்துவிட்டு அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள். சிதம்பரம் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.