அழித்தாலும் வந்த ஃபோல்டர்

அண்ணனுடைய சட்டைகளைச் சபையில் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். பைக்கை அண்ணன் மனைவியின், எங்கள் மைனியின், தம்பி கொண்டுபோனான். எனக்கு வந்து சேர்ந்தது அவன் செய்துவந்த ஒரு வேலை.

மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதைச் சேர்த்து வைக்க ஒரு கருவி வைத்திருப்பார்கள். ஏதாவது தப்பாகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிப் போகலாம். அப்படிப்பட்ட ஒரு கருவியை வெவ்வேறு நாடுகளில் இருக்கும் சிலர் சேர்ந்து, எல்லோருக்கும் திறந்து வைத்து, தங்கள் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறார்கள். அவர்களில் அண்ணன் ஒருவன். கோப்புகளின் பெயர்களைப் படித்து ஒப்பிடும் பகுதி அவன் பொறுப்பு. எனக்கும் இதே தொழில்தான். பாறசாலையிலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறேன்; பாதி நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தக் கருவியைப் பற்றி அவனுக்கு வந்த கேள்விகளுக்கு நான் பதில் எழுதினேன். அவன் போன பிறகும் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், நான் அவன் இடத்துக்கு வந்த கதை.

கருவியில் ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எழுதியவர் பெயர் வரும். எங்கள் பகுதியைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை அண்ணன் பெயர். நான் ஒரு வரியைத் திருத்தினால் அங்கே அவன் பெயர் போய் என் பெயர் வந்துவிடும். முதல் மாதங்களில் அவன் வரிகளைத் தொடாமல், சுற்றிக்கொண்டு போய்த் திருத்தங்கள் எழுதினேன். நிரல் கோணல்மாணலாக ஆனது. திட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த பெண்மணி, நான் நேரில் பார்த்திராதவர், ஒருமுறை அன்பாகக் கேட்டார்: “இதை நேரடியாகவே மாற்றியிருக்கலாமே?” நான் ஏதோ ஒரு தொழில்நுட்பக் காரணம் சொன்னேன்.

இன்னொன்றும் இருந்தது. திருத்தத்தை அனுப்பும்போது, அந்த வரிகளை முன்னால் எழுதியவருக்கும் ஒரு நகல் தானாகப் போகும். அண்ணனுடைய மின்னஞ்சல் முகவரிக்குப் போகும். ஆளில்லாத முகவரி என்றால் அஞ்சல் திரும்பி வர வேண்டும். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கணக்கு இன்னும் மூடப்படவில்லை, வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை அனுப்பிய பிறகும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அவன் போன இரண்டாம் வருடம், ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய சமயம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, கருவியைப் பற்றிப் புதிதாக வந்திருந்த புகார்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மைனி நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். காலை ஷிப்ட் முடிந்து வந்து, நனைந்த குடையை விரித்து வைத்துவிட்டு, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான் வீட்டில்.

ஒரு புகாரை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சேலம் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாடங்கள் தயாரிக்கும் ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். அவர் அழித்த ஒரு ஃபோல்டர் திரும்பி வருகிறது. மறுபடி அழித்தால் மறுபடியும் வருகிறது. பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழில் இருந்தால், அதிலும் சில பெயர்களுக்கு மட்டும், இப்படி ஆகிறது.

“பாத்தியளா மைனி, பேய் பிடிச்ச ஃபோல்டர்” என்று சிரித்தேன்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. மைனி வாசலில் வந்து நின்றாள்.

“அவங்களுக்கும் வருதா?” என்றாள். 

எனக்குப் புரியவில்லை. “வேற யாருக்கு வருது?”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “நீ வா மக்கா. நான் ஒண்ணு காட்டுதேன்.”

அண்ணனுடைய அறையில் அவன் கணினி மேசைமேல் ஒரு துண்டு போட்டு மூடிக் கிடந்தது. தூசிக்காக மூடியிருக்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு மைனி அதை இயக்கினாள். எவ்வளவோ முறை செய்து பழகியவள்போல, பார்க்காமலேயே கடவுச்சொல்லை அடித்தாள். ‘போட்டோ’ என்று ஒரு ஃபோல்டர். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தன் கைபேசியில் எடுத்த படங்கள் அதில் இருந்தன என்று எனக்குத் தெரியும். மூக்கில் குழாயோடு அவன் தன்னையே எடுத்த ஒரு படத்தைக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தான்.

“அந்தப் படம் வேண்டாம்னு தோணிச்சு. நல்லா இருந்த முகம்தான் ஓர்மையில வேணும்னு. அவருக்கு முதலாம் ஆண்டு ஜெபம் கழிஞ்ச அன்னைக்கு நான் இத அழிச்சேன்” என்றாள் மைனி. “பாரு.”

அழித்தாள். ஃபோல்டர் போய்விட்டது. கணினியை அணைத்து மறுபடி இயக்கினாள். மழை ஓட்டின்மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. திரை வெளுத்து, சின்னங்கள் ஒவ்வொன்றாக வந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, பழைய இடத்தில், ‘போட்டோ’.

காரணம் ஏறக்குறைய எனக்குப் பிடிபட்டுவிட்டது. அண்ணன் தன் வீட்டுக் கோப்புகளையும் இந்தக் கருவியில்தான் சேர்த்து வைத்தான். கணினி இயங்கும்போதெல்லாம் அது தானாக ஓடி, நாம் அழித்ததைக் கணக்கில் எழுதிக்கொண்டு, அழிக்காமல் காணாமல் போனதை மட்டும் எடுத்துக் கொடுக்கும்படி அமைத்திருந்தான். இதெல்லாம் தெரிந்தும் என் கையில் மயிர் எழும்பி நின்றது. மைனி அதைப் பார்த்தாள்.

“எனக்கு பேய் பிசாசு ஒண்ணும் நம்பிக்கை இல்ல” என்றாள். “நான் தினமும் ரத்தம் பாக்குதவளாக்கும். ஆனா இது வருது.”

அவள் சாப்பாடு எடுத்து வைக்கப் போனாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ‘போ’ என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்றில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. இன்னொன்றில் கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. படங்களை அனுப்பிய அண்ணனுடைய கைபேசி ஒரு விதமாக எழுதியது, வீட்டுக் கணினி இன்னொரு விதமாக. கருவிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். மைனி அழித்தால் ஒரு பெயர் போகும். மற்றொன்றைக் காணவில்லையே என்று கருவி தேடி, பழைய சேமிப்பிலிருந்து எடுத்து அங்கே வைத்துவிடும். அது உதவி செய்வதாக நினைத்துக்கொள்கிறது.

இப்படி இரட்டையாக வரும் பெயர்களை ஒன்றாகக் கருத வேண்டிய இடத்தை நிரலில் தேடிப் பிடித்தேன். அண்ணன் எழுதிய இடம். ஐரோப்பிய மொழிகளில் தலையில் புள்ளியும் கோடும் வைத்த எழுத்துகளுக்கெல்லாம் சரியாகச் செய்திருந்தான். தமிழுக்குச் செய்யவில்லை. மலையாளத்துக்கும் இல்லை. இரண்டையும் ஒரே கையால் எழுதி வளர்ந்தவன். கீழே, அடுத்துப் பார்க்கிறவர்களுக்காக விட்டுவைக்கும் குறிப்பு ஒன்று இருந்தது: நம் எழுத்துகள் பாக்கி, பிறகு. அதற்குப் பிறகு அவன் அந்தப் பகுதியில் எதுவும் எழுதவில்லை. அவனுக்கு மூச்சிரைப்பு தொடங்கிய காலம் அது.

சாப்பிட உட்கார்ந்தபோது மைனியிடம் விளக்கினேன். பழைய காலண்டர் தாளின் பின்புறம் இரண்டு விதமாக எழுதிக் காட்டினேன். அவள் கூர்மையானவள். உடனே புரிந்துகொண்டாள். தட்டிலிருந்த மீனின் முள்ளைக் கவனமாக எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

“அப்ப அது அவரு இல்ல” என்றாள்.

“இல்ல மைனி. அண்ணன் எழுதினதுல உள்ள ஒரு பிழை.”

“அவரு எழுதினதுதானே?”

“ஆமா.”

“நீ அத சரியாக்கினா, பின்ன வராதா?”

“வராது.”

என் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி ஊற்றினாள். “இப்ப சரியாக்காண்டாம் மக்கா” என்றாள். “கொஞ்சம் கழியட்டு.”

ஏன் என்று கேட்கவில்லை. திருத்தத்தை எழுதி முடித்து, என் மடிக்கணினியிலேயே வைத்திருந்தேன். சேலம் ஆசிரியை ஒருமுறை பொறுமையாகக் கேட்டார். பிறகு மலையாளத்தில் சட்ட ஆவணங்கள் தட்டச்சு செய்கிற ஒருவர் அதே புகாரை எழுதினார். தலைமைப் பெண்மணி, முடியவில்லை என்றால் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். ஆசிரியையின் அடுத்த அஞ்சலில் ஒரு வரி இருந்தது. தவறான விடைகள் இருந்த பழைய பாடத்தை அவர் அழித்திருந்தார். அது திரும்பி வந்து, பிள்ளைகள் அதைப் படித்துவிட்டார்கள். இதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

மைனிக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாள், என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் பூவாருக்குப் போனோம். மழை விட்டிருந்தது. சுற்றுலாப் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைக் கரையில் நின்று பார்த்தோம். நான் ஆசிரியையின் அஞ்சலைப் பற்றிச் சொன்னேன். மைனி தண்ணீரையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்க மனசுல உள்ளத சொன்னா நீ சிரிக்கப்பிடாது” என்றாள்.

“சிரிக்க மாட்டேன் மைனி.”

“முதல் தடவ அழிச்சது, அந்தப் படம் போகட்டும்னுதான். திரும்பி வந்ததும் பயந்துட்டேன். அடுத்த தடவையும் பயம் இருந்து. பின்ன ஞாயறாச்ச கோயில் கழிஞ்சு வந்தா அத அழிப்பேன். போகணும்னு இல்ல, கேட்டியா. வருதான்னு பாக்க. அணைச்சுப் போட்டு, போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வந்து பாத்தா, இருக்கும். ‘வந்தியளா’ன்னு கேப்பேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேச மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்ததும் அவள் அந்த அறைக்குள் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஜெபம் செய்கிறாள் என்று நினைத்து டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பேன்.

எனக்குத் தோன்றிய ஒரே வழியைச் சொன்னேன். திருத்தம் மற்றவர்களுக்குப் போகட்டும். அண்ணனுடைய கணினியில் பழைய கருவியே இருக்கட்டும். நானாக எடுத்துப் போட்டால்தான் புதியது அதில் வரும். 

“அப்படி வைக்கலாமா?”

“வைக்கலாம்.”

“நீ அனுப்பு” என்றாள். “அந்தப் பிள்ளைகள் தப்பாப் படிக்காண்டாம்.”

அன்று சாயங்காலமே அனுப்பினேன். இந்தமுறை சுற்றிக்கொண்டு போகவில்லை. அண்ணனுடைய வரிகளை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே எழுதினேன். ‘பிறகு’ என்ற அவன் குறிப்பையும் எடுத்தேன். வழக்கம்போல ஒரு நகல் அவன் முகவரிக்குப் போயிற்று. தலைமைப் பெண்மணி சில கேள்விகள் கேட்டார், வங்காளத்துக்கும் சிங்களத்துக்கும் சோதித்துப் பார்த்தாயா என்றார். பார்த்துச் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து பெயர்களைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். நடுவில் ஒரு கட்டு வரிகளுக்கு என் பெயர். மேலேயும் கீழேயும் அவன்.

வீட்டில் ஒன்றும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்கதவு பாதி சாத்தியிருக்கும். இப்போது தெரிந்துவிட்டதால் எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. கணினி இயங்கும் அந்தச் சின்ன ஓசைக்காக முன்னறையில் காது கொடுத்து உட்கார்ந்திருப்பேன். அது கேட்டதும், உள்ளே ஒருவர் வந்துவிட்டார் என்று எனக்கும் தோன்றத் தொடங்கியிருந்தது. அதற்குக் காரணம் நிரலில் எந்த வரி என்றுகூட என்னால் சொல்ல முடியும். அப்படியும் தோன்றியது.

கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயத்தில், ஒரு ஞாயிறு, மைனி அறையிலிருந்து கூப்பிட்டாள்.

“மக்கா, நீ அந்தப் புதுச எடுத்து இதுல போடு.”

“நிச்சயமாவா?”

“இப்ப அழிக்கியது, வாறது, எல்லாம் எனக்கு ஒரு பழக்கமாப் போச்சு. அவரு வாற மாதிரி இல்ல. நான் மெஷின ஓட்டுத மாதிரி இருக்கு.”

போட்டேன். முடிந்ததும் எழுந்து அவளுக்கு இடம் விட்டேன். அவள் அழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஃபோல்டரைத் திறந்தாள். அப்போதுதான் சொன்னாள், இத்தனை காலமும் அதைத் திறந்து பார்த்ததே இல்லை என்று. உள்ளே குழாயோடு இருக்கும் அவன் முகம்தான் நிறைய இருக்கும் என்று பயந்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த முகம் ஒரு படத்தில்தான் இருந்தது. மற்றதெல்லாம் அவள். கட்டிலில் படுத்துக்கொண்டே எடுத்ததால் எல்லாம் சரிந்திருந்தன. பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்குகிற மைனி. நர்ஸிடம் ஏதோ சண்டை பிடிக்கிற மைனி. ஜன்னலோரம் ஆரஞ்சு உரிக்கிற மைனி. கைப்பையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருக்கும் அவள் முதுகு. 

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவற்றில் எதிலும் அண்ணன் முகம் இல்லை. ஒன்றில் மட்டும் போர்வையின் மேல் அவன் விரல் நுனி வந்திருந்தது.

“நான் உறங்கும்போ இவரு உறங்கல்ல” என்றாள்.

பிறகு குழாய் இருந்த அந்த ஒரு படத்தை மட்டும் அழித்தாள். கணினியை அணைத்தாள், இயக்கினாள். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே காத்திருந்தோம். ஃபோல்டர் இருந்தது. திறந்தாள். மற்றவை எல்லாம் இருந்தன. அந்தப் படம் வரவில்லை.

மைனி தலையை ஆட்டினாள். “சரியாத்தான் செய்திருக்க” என்றாள். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனாள். நான் போகவில்லை. திரையில் இடம்மாறி அடுக்கிக்கொண்ட படங்களுக்கு நடுவே அழிந்த அந்த ஒரு படம் எங்கே இருந்தது என்று தேடிக்கொண்டு, அவள் இரண்டு முறை கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.