இல்லாத தம்பிக்கு ஒரு பிரஷ்

வீடு வீடாகச் சுற்றிவரும் நம் கையெழுத்துப் பத்திரிகை இன்று என் கைக்கு வந்துவிட்டது. காலையில் நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மார்க்கெட் பக்கத்துக் கடையில் நீல வர்ணமும் பிரஷும் கேட்டேன்.

“யாருக்கும்மா?” என்றார் கடைக்காரர்.

நான் பள்ளியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது; எனக்குத்தான் என்று சொல்லக் கூச்சம். “தம்பிக்கு” என்றேன்.

பக்கத்தில் நின்ற வயதான நர்ஸம்மா கையிலும் ஒரு பிரஷ். “இது என் பேரனுக்கு” என்றார், யாரும் கேட்காமலே.

“சிஸ்டர், உங்களுக்குக் கல்யாணமே ஆகலையே! பேரன் எங்கேருந்து வந்தான்?” என்று கடைக்காரர் சிரித்தார்.

நர்ஸம்மாவின் முகம் வெட்கத்தில் சிவந்தது. “சரிப்பா, எனக்குத்தான். அடுத்த மாசம் ரிடையராகறேன். வார்டு ஜன்னல்ல முப்பது வருஷமா சாமுண்டி மலையைப் பார்த்தாச்சு. இனிமே வரையப்போறேன்.”

நான் பிரஷ் நுனியை உதட்டில் நனைத்து, நகத்தில் இழுத்துக் கூர் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா அதைக் கவனித்துவிட்டார்.

“உன் தம்பி நல்லா வரைவான்போல” என்றார்.

எனக்குத்தான் என்று நானும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மலையை வரைந்தேன். ஈரத் தாளில் நீலம் தானாகப் பரவிப் பனியானது. அதையே பார்த்திருந்ததில் உலை வைக்க மறந்தேன்.

எனக்குத் தம்பியே கிடையாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தம்பி இருந்தால் எழுதுங்கள். அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.