பந்தாட்டக் கசெற்றுக்குக் கெட்டிமேளம்

படித்து முடித்த இரண்டு வளர்ந்த ஆண்கள், சுவீடனில் உதைபந்தாடிச் சம்பளம் வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு லண்டன் ஹவுன்ஸ்லோவில் என் வீட்டு முன்னறையில் வந்து படுத்தால் எனக்குக் கோபம் வருமா, வராதா? வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பெப்ரவரி மாதம் அது. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிவிட்டு முதுகு நோவோடு வீட்டுக்கு வந்தால், என் சோபாவின் கைப்பிடியைத் தாண்டி ஒரு வெள்ளைக்காரனின் பாதங்கள் இரண்டும் நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஒருவன் என் அக்காவின் மகன். எட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கா போனவன். மற்றவன், அந்தப் பாதக்காரன், அவனுடைய கல்லூரிக் கூட்டாளி. நான்கு வருடம் இருவரும் ஒரே அணி. கூட்டாளி கோல் அடிப்பவன், முதுகில் ஒன்பதாம் இலக்கம். என் மருமகன் இடது பக்கம் நின்று எதிராளியை மறிப்பவன், மூன்றாம் இலக்கம். அந்த நாளில் அமெரிக்காவில் கல்லூரியோடு இந்த விளையாட்டும் முடிந்துவிடும். அதற்கு மேல் ஆட ஒழுங்கான கழகம் கிடையாது. ஸ்கண்டிநேவியாவில் என்றால் சின்ன ஊரிலும் சம்பளம் கொடுக்கிற கழகம் உண்டு, ஆளைக் கூப்பிட்டு ஒரு வாரம் ஆடவிட்டுப் பார்ப்பார்கள், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள் என்று இவர்களின் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். சுவீடனில் ஒரு கழகத்தோடு கதைத்தும் வைத்திருந்தார். அங்கிருந்து அழைப்பு வரும்வரை தங்கத்தான் என் வீடு.

அக்காவின் புருசன் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் கத்தினார்.

"ஒருக்கா விடுறன். ஒருக்காத்தான். சரிவராட்டி வந்து நான் பாத்து வச்சிருக்கிற வேலையில இருக்க வேணும். நீர் அவனுக்குச் சப்போர்ட் பண்ணக் கூடாது, விளங்குதோ?"

"நான் ஏன் அத்தான் சப்போர்ட் பண்ணுறன்? அவன்ர கூட்டாளி என்ர சோபாவை முறிச்சுப் போட்டான்."

ஆக, மருமகனுக்கு இருந்தது இந்த ஒரு வாய்ப்புத்தான். இது போனால் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கந்தோர் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அந்தக் கழகம் முதலில் இவர்கள் ஆடுகிற வீடியோ கசெற் அனுப்பச் சொன்னது. இவர்கள் கொண்டுவந்த கசெற் அமெரிக்காவில் எடுத்தது. அது ஐரோப்பிய டெக்கில் ஓடாது, மாற்ற வேண்டும். மாற்றுகிற இயந்திரம் எங்கள் ஆட்களில் ஒருவரிடம்தான் இருந்தது. அவர் லண்டனின் மறுகோடியில், இல்ஃபோர்டில் கலியாண வீடியோ எடுப்பவர். லண்டனில் எங்கள் சனம் கட்டிய தாலியில் பாதி அவருடைய கமெராவுக்கு முன்னால் கட்டியது. இங்கே கலியாணம் நடந்தால் கனடாவில் இருக்கிற சித்தப்பாவுக்குக் கசெற்றில் ஒரு கொப்பி போகவேண்டுமே, அதற்காக அந்த இயந்திரத்தை வாங்கியிருந்தார்.

"பத்து நிமிசத்துக்குச் சுருக்கித் தாரும். மூண்டாம் இலக்கம் எங்கட பெடியன்" என்று சொல்லி, சுவீடன் விலாசத்தையும் கொடுத்தேன்.

"வடிவாச் செய்து தாறன் அண்ணை, பாக்க அழகா இருக்கும்."

அந்த 'வடிவா'வில் நான் உசாராகியிருக்க வேண்டும்.

ஒரு கிழமை கழித்து வேலை முடிந்ததென்று அழைத்தார். போனேன். ஒரு கசெற்றைக் கையில் தந்தார்.

"இது வீட்டுக் கொப்பி அண்ணை. மற்றதை நானே தபாலில போட்டிட்டன். உங்களுக்கு ஏன் மினக்கேடு?"

வீட்டுக்கு வந்து எல்லோருமாக இருந்து பார்த்தோம். நாதஸ்வரத்தோடு தொடங்கியது. இரண்டு குத்துவிளக்கு. அவற்றுக்கு நடுவில் சுழன்றுகொண்டு ஒரு பந்து வந்தது. பிறகு ஒன்பதாம் இலக்கம் கோல் அடிக்கிறான். அதே கோல் மெதுவாக மறுபடியும். பந்து வலைக்குள் போகிற நேரம் கெட்டிமேளம் கொட்டுகிறது, மேலேயிருந்து ரோசாப் பூ கொட்டுகிறது. அடுத்த கோலுக்கும் அதே மேளம், அதே பூ. கசெற் முழுக்க மாப்பிள்ளை மாதிரி ஒன்பதாம் இலக்கம். மூன்றாம் இலக்கத்தையும் அந்த மனிதர் மறக்கவில்லை. அவன் தண்ணீர் குடிக்கிறான். அவன் சிரிக்கிறான். கோல் அடித்தவனை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறான். ஒரு இடத்தில் இதய வடிவத்துக்குள் நின்று தலைமயிர் கோதுகிறான். ஒருவனையாவது மறிக்கிறானா? இல்லை.

என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். கூட்டாளிக்கு வாய் மூடவில்லை. மருமகன் எழுந்து குசினிக்குள் போய்விட்டான்.

நான் ரயிலேறி நேரே இல்ஃபோர்ட் போனேன்.

"உமக்கு ஆர் சொன்னது அவன் மறிக்கிறதையெல்லாம் வெட்டச் சொல்லி?"

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அவர் சும்மா பக்கத்தில பக்கத்தில ஓடுறார். பந்து வருது, வெளியில அடிக்கிறார். திரும்பியும் ஓடுறார். கலியாண வீட்டில சமையல்காரனை எவ்வளவு நேரம் காட்டுறது?"

"அந்தச் சமையல்காரன்தான் காணும் எங்கட பெடியன்!"

"அதுக்குத்தானே ஹார்ட் போட்டு விட்டனான்."

அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்துவிட்டார்.

சரியாகச் செய்து இன்னொரு கசெற் அனுப்புவதற்குள் சுவீடனிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. நான்தான் எடுத்தேன். ஒருவர் பாட்டுப் போல ஆங்கிலம் பேசினார். ஒன்பதாம் இலக்கத்தை உடனே அனுப்பச் சொன்னார். அந்த மேளம் எந்த நாட்டுடையது என்றும் கேட்டார். மற்றவன், மூன்றாம் இலக்கம், என்று நான் இழுத்தேன். யார், அந்தத் தண்ணீர் குடிக்கிறவனா என்றார்.

கூட்டாளி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தான். வந்தால் இரண்டு பேரும் வருவோம், இல்லாவிட்டால் நானும் இல்லை என்று சொன்னான். அன்றுதான் அவனுடைய பாதங்களை நான் மன்னித்தேன்.

கழகம் சம்மதித்தது, இருவரும் ஹார்விச் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். என் மனைவி ஒரு போத்தல் மாசிக் கருவாட்டுச் சம்பல் கட்டிக் கொடுத்தாள், சுவீடன்காரனுக்கு உறைப்புத் தெரியாது என்று.

நாலாம் நாள் மருமகன் அழைத்தான்.

"மாமா, இஞ்ச புல்லே இல்லை. கல்லும் ஐசும்தான். ஒவ்வொரு நாளும் என்னை அவனுக்கு எதிராத்தான் விடுறாங்கள்."

"விட்டால் மறியன்."

"அதுதான் மாமா பிரச்சினை. அவன் எந்தப் பக்கம் திரும்புவான் எண்டு எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். நாலு வருசம் பாத்தனான். இவ்வளவு நாளும் சும்மா போக விட்டிட்டன். நாளைக்கு எங்களை ரெண்டாப் பிரிச்சு ஒரு மட்ச். அதைப் பாத்துத்தான் ஆரை எடுக்கிறதெண்டு முடிவெடுப்பினம். நான் மறிச்சா அவன் முடிஞ்சான். மறிக்காட்டி நான் முடிஞ்சன். அவனாலதானே இஞ்ச வந்தனான்?"

எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. கடல் தாண்டிப் போய், ஐசில் நின்று, மரியாதைக்கு வழிவிட்டுக்கொண்டு நிற்கிறான் இந்த மொக்கன்.

"டேய், நாளைக்கு நீ வழியில நிக்கிறாய் எண்டு அவன் கோல் அடிக்காம விடுவானோ?"

"விடமாட்டான்."

"பிறகென்ன? வை போனை. அப்பாட்டைச் சொல்லாத, நான் சொன்னனான் எண்டு."

அடுத்த கிழமை கதவைத் திறந்தால் கூட்டாளி மட்டும் நிற்கிறான், பையோடு. என்னைப் பார்க்கவில்லை. நேரே சோபாவில் விழுந்தான். மனைவி பிட்டும் மீன் குழம்பும் வைத்த பிறகுதான் வாய் திறந்தான். மட்ச் முழுக்க ஒரே ஒரு தடவை மருமகனைத் தாண்டினானாம், அந்தப் பந்தையும் கோல் காப்பவன் பிடித்துவிட்டானாம். ஒரு சீசனுக்கு மருமகனை வைத்துக்கொண்டு இவனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை என்றான். கப்பலேறும்போது மருமகனைக் கட்டிப்பிடித்தானாம், ஆனால் இன்னும் கோபம்தானாம். கோபம் இருக்கத்தான் வேண்டும் என்றேன். இல்லையென்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு அந்தப் பூக் கசெற்றைப் போடச் சொன்னான். கெட்டிமேளம் வந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டினான். அம்மாவுக்குக் காட்ட வேண்டும், தரலாமா என்று கேட்டான். இது உன் வீட்டு டெக்கில் ஓடாதடா என்று சொல்லிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் இல்ஃபோர்ட் போனேன்.

வீடியோக்காரர் என்னைக் கண்டதும் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அமெரிக்காவுக்கு மாற்றித் தாரும் என்று கசெற்றை வைத்தேன். அது ஓடிக்கொண்டிருக்கையில் மெதுவாகக் கேட்டார்.

"கடைசியா எந்தப் பெடியனை எடுத்தவங்கள் அண்ணை?"

"சமையல்காரனை."

அவர் திரையைப் பார்த்தார். அதில் மருமகன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இந்த இடத்தில ரெண்டு பூப் போட்டு விடட்டோ?"