றெயில் பிந்தி வரட்டும்

போன கிழமை முருங்கனிலிருந்து மன்னாருக்கு வந்த பஸ்சில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை அழுதுகொண்டு வந்தது. இருபது வயதிருக்கும். காதில் வயர் இல்லாத சின்ன வெள்ளைக் குமிழ்கள், கையில் போன், மூக்கு நுனி சிவந்து கிடந்தது. எனக்குத் தெரியாத மனிதரிடம் நேரம் கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் இருந்து விம்மும்போது நான் வயலைப் பார்த்துக்கொண்டு வர முடியுமா?

"என்ன பிள்ளை, ஏதும் துக்கச் செய்தியோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் ஒரு குமிழைக் கழற்றினாள். "என்ன அன்ரி?"

"இல்லை, அழுறியள்... வீட்டில ஆருக்கும் ஏதும்..."

"ஐயோ, இல்லை அன்ரி! இது நாடகம். கொரியா நாடகம்." சிரித்துவிட்டு, குமிழைத் திரும்பவும் காதில் செருகி, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

வெட்கத்தில் நான் மடியிலிருந்த பைக்குள் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்தேன். பைக்குள் இருந்தது முருங்கனில் வாங்கிய கட்டாக் கருவாடு. நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு, கடலே இல்லாத முருங்கனில் போய்க் கருவாடு வாங்குகிற மன்னார்க்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் பஸ் மறைந்துவிட்டது. கிடுகுக் கொட்டில் வந்தது, உப்புத் தொட்டி வந்தது, எல்லாவற்றுக்கும் முதல் றீற்றா அக்காவின் குரல் வந்தது.

கல்யாணத்துக்கு முதல் சில வருடங்கள் நான் ஒரு வாடியில், கருவாடு போடுகிற கொட்டிலில், வேலை செய்தேன். மன்னார்த் தீவின் தென்கரையில், கடலுக்குக் கிட்ட. சாதாரண தரப் பெறுபேறு வந்த பிறகு என்னை மேலே படிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. அந்தப் பெறுபேற்றைப் பார்த்தால் நீங்களும் வற்புறுத்தியிருக்கமாட்டீர்கள். மீனைப் பிளந்து, குடல் எடுத்து, சதையைக் கீறி, உப்பைத் திணித்துத் தொட்டியில் அடுக்க வேண்டும். முழங்கை வரைக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும்.

அந்த வாடியில் ஒரு வழக்கம் இருந்தது. கதை சொல்கிறவர் மீன் வெட்டத் தேவையில்லை. அவருடைய கூடையை மற்றவர்கள் பங்குபோட்டு வெட்டிக் கொடுப்போம். ஆனால் கதை அழுகிற கதையாக இருக்கவேண்டும். சிரிப்புக் கதை சொன்னால் தன் கூடையைத் தானே வெட்ட வேண்டியதுதான். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. நான் போனபோதே இருந்தது.

கதைக்காரி றீற்றா அக்கா. கதை வருவது கடலுக்கு அப்பாலிருந்து. றீற்றா அக்காவின் தமையன் வீட்டில் ரீவி இருந்தது. உயரமான கம்பத்தில் அன்ரனாவைக் கட்டி இராமேஸ்வரப் பக்கம் திருப்பினால் ஞாயிற்றுக்கிழமை இந்தியாவிலிருந்து ஒரு படம் வரும். காற்று அடித்தால் படத்துக்குள் மழை பெய்யும். கதாநாயகி வாயைத் திறப்பாள், இரைச்சல்தான் வரும். அப்போது கம்பத்தை யாராவது பிடித்துத் திருப்ப வேண்டும். அது என் வேலை. வீட்டுக்குள் நிறையச் சனம். கூச்சத்தில் உள்ளே போய் இருக்கமாட்டேன், வாசலோடு நிற்பேன். நிற்கிறவள்தானே என்று கம்பத்தை என் கையில் தந்துவிட்டார்கள். "வந்திட்டுது, வந்திட்டுது, அப்பிடியே நில்லு, மூச்சு விடாதை!" என்று உள்ளேயிருந்து கத்துவார்கள். யன்னலுக்குள்ளால் தெரிந்த அளவுக்குத்தான் எனக்குப் படம். அந்தக் காலத்துக் கதாநாயகிகள் பலருக்கு முகம் எப்படி என்று எனக்குத் தெரியாது. எப்படி அழுவார்கள் என்று நன்றாகத் தெரியும்.

றீற்றா அக்கா அந்தப் படத்தைத் திங்கட்கிழமை வாடிக்குக் கொண்டுவருவார். இரைச்சலில் போன இடங்களைத் தானே நிரப்பிவிடுவார். படத்தில் ஒருமுறை செத்தவள் அக்காவிடம் மூன்று தரம் இழுத்து இழுத்துச் சாவாள்.

வாடி முதலாளியின் சகோதரி கதீஜா ராத்தா, தீவிலுள்ள தாராபுரத்துக்காரி, எங்களை மேய்க்க இருந்தவர். "கதைக்கு நான் சம்பளம் தாறேல்லை, கை ஓடட்டும் புள்ள!" என்று அதட்டிக்கொண்டு வருவார். வந்தவர் அங்கேயே குந்திவிடுவார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் றீற்றா அக்காவின் கூடையிலிருந்து மீனை எடுத்து வெட்டிக்கொண்டிருப்பது முதலாளியின் சகோதரிதான். "அந்த மாமியாக்காரி விளங்குவாளா? சொல்லு, பிறகு?"

அழுவதில் ஒரு சிக்கல் இருந்தது. கை முழுக்க உப்பு. கண்ணைத் துடைத்தால் அவ்வளவுதான், வேலை முடிந்தது. அதனால் பக்கத்தில் இருப்பவளின் தோளில் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். யாரும் கேட்பதில்லை, யாரும் விலகுவதும் இல்லை. கதை நல்ல கதையென்றால் மத்தியானம் எல்லோருடைய தோளும் நனைந்திருக்கும். எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் அப்பா சிரிப்பார். "இருக்கிற கவலை காணாதெண்டோ இந்தியாவில இருந்து இறக்குமதி செய்யிறியள்?" அவருக்கு என்ன மறுமொழி சொல்வதென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

என் வலது பக்கத்தில் இருப்பவர் பிலோமினா அக்கா. என் வலது தோள் அவருடையது. ஒரு மாரி காலத்துக் காய்ச்சலில் அவருடைய புருசன் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பி வந்தபோது வாடியே மாறிவிட்டது. எல்லோரும் கிசுகிசுக் குரலில் பேசினார்கள். மீனைக்கூடச் சத்தமில்லாமல் பலகையில் வைத்தார்கள். றீற்றா அக்கா எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி சாவுக் கதை வேண்டாம். அவ தாங்கமாட்டா" என்று சொல்லி, சிரிப்புக் கதைகளுக்கு மாறினார். சட்டப்படி தன் கூடையைத் தானே வெட்டிக்கொண்டு சொன்னார். ஒருவர் வாழைத்தோலில் வழுக்கி விழுவார், எழும்புவார், திரும்ப விழுவார். நாங்கள் பிலோமினா அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அளவாகச் சிரிப்போம். வேலிக்கு வெளியே எப்போதும் வந்து நிற்கும் ஊர்க் கழுதைகள்கூட அந்த நாட்களில் வராமல் விட்டுவிட்டன என்று எனக்கு ஒரு எண்ணம்.

சில கிழமையில் பிலோமினா அக்கா கதீஜா ராத்தாவிடம் சொல்லிவிட்டார்: "இந்தச் சனிக்கிழமையோட நிக்கிறன் ராத்தா. முருங்கனுக்குத் தங்கச்சி வீட்டை போகப்போறன்." பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு. தங்கச்சி வீட்டில் ஏற்கெனவே வீடு காணாத அளவுக்குச் சனம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு வலது தோளில் ஏதோ கழன்று போனதுபோல இருந்தது.

அந்தக் கிழமைதான் றீற்றா அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்று மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. என்னைச் சுட்டிக்காட்டினார். வாடியில் ஞாயிற்றுக்கிழமைப் படத்தை அவரைத் தவிரப் பார்த்தது கம்பம் பிடித்த நான் மட்டும்தான்.

"இவளோ? இவள் பூசையில 'ஆமென்' சொல்லுறதே எனக்குக் கேக்காது" என்றார் ஒருவர்.

படமோ பெரிய அழுகைப் படம். ஒரு தங்கச்சி இரவுபகலாகத் தையல் மெசினில் இருந்து அண்ணனைப் படிக்க வைக்கிறாள். அவளுக்கு நெஞ்சு வருத்தம், விடாத இருமல். டொக்டராகிவிட்ட அண்ணன் ஊருக்கு வருகிறான். அவனுக்கென்று தைத்த சட்டையில் கடைசிப் பொத்தான் மட்டும் மிச்சம். ரயில் பிந்துகிறது. பொத்தான் கையிலிருக்க அவள் செத்துப்போகிறாள்.

நான் தலையைத் தூக்காமல், மீனுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனேன். தங்கச்சி இருமத் தொடங்கியதும் றீற்றா அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார். எனக்கும் விளங்கியது. ரயிலை நேரத்துக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் ஓடிவந்தான், ஊசி போட்டான், தங்கச்சி எழும்பி இருந்து பொத்தானைத் தைத்தாள். அவளுக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்துக் கொடுத்தேன். றீற்றா அக்கா திருப்தியாகத் தலையாட்டினார்.

பிலோமினா அக்கா கத்தியைப் பலகையில் வைத்தார்.

"என்னடி, றெயில் நேரத்துக்கு வந்ததோ?"

"ஓமக்கா."

"தலைமன்னார் றெயில் எண்டைக்கடி நேரத்துக்கு வந்தது?"

"இது இந்திய றெயில் அக்கா..."

"எந்த ஊர் றெயில் எண்டாலும் இருமுறவளுக்கு நேரத்துக்கு வராது. எனக்காகத்தானே அவளைப் பிழைக்க வைச்சனி? என்ர மனுசன் செத்த அண்டைக்கு நான் அழேல்லை. தெரியுமோ? வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்தவே நேரம் சரி. வீட்டில அழுதால் பிள்ளையள் பயப்பிடுதுகள். சரி, வாடிக்குப் போவம், அங்க எண்டால் ஆருக்காகவோ அழலாம் எண்டு வந்தனான். நீங்கள் வாழைப்பழத் தோலில வழுக்கி விழுறியள்! இதுக்கு நான் முருங்கனிலயே போய் இருக்கலாம்."

அக்கா கத்தியைத் திரும்ப எடுத்தார்.

"றெயில் பிந்தி வரட்டும். அவளை ஒழுங்காச் சாகவிடு."

நான் ரயிலைப் பின்னுக்கு அனுப்பினேன். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. இந்திய ரயிலை மடுறோட் ஸ்ரேசனில் நிற்பாட்டினேன். எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை என்றேன். முருங்கனில் தண்டவாளத்தில் மாடு படுத்திருக்கிறது என்றேன். "எழுப்புங்கோவன் அந்த மாட்டை!" என்று கதீஜா ராத்தா கத்தினார். நான் எழுப்பவில்லை. பொத்தான் தங்கச்சியின் கையிலிருந்து உருண்டு மெசினுக்கு அடியில் போனது. அது படத்தில் இல்லை, நான் போட்டது.

பிலோமினா அக்காவின் முகம் என் தோளில் வந்து விழுந்தது. தங்கச்சிக்காகத் தொடங்கிய அழுகை, தங்கச்சியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. மீனை வெட்டிக்கொண்டே இருந்தோம். நான் தோளை மட்டும் ஆட்டாமல் வைத்திருந்தேன். கம்பம் பிடித்த பழக்கம்.

அந்த நேரம் பார்த்து, மீன் வெட்டினாலும் சாதாரணமாக உப்பில் கை வைக்காத கதீஜா ராத்தா, அன்றைக்குக் கை வைத்ததை மறந்து இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துவிட்டார். "அல்லாவே! கண் போச்சு!" என்று எழும்பி ஓடி, தண்ணீர் வாளியைத் தட்டிவிட்டு, வேலியோடு மோதினார். வெளியே நின்ற கழுதை ஒன்று வெருண்டு கத்தியது. முதலில் சிரித்தது பிலோமினா அக்கா. என் தோளுக்குள்ளேயே சிரித்தார். பிறகு வாடியே சிரித்தது. றீற்றா அக்கா சத்தமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் எல்லோருக்கும் அப்படி ஒரு பசி. பிலோமினா அக்கா என்னுடைய சோற்றிலும் பாதியைச் சாப்பிட்டார். என் கூடையைப் பார்த்தேன். யாரோ வெட்டி முடித்திருந்தார்கள். சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை வந்தது, அக்கா என் வலது பக்கத்தில் வந்து குந்தினார். "இண்டைக்கு ஆரைச் சாக்காட்டப் போறியள்?" என்றார். முருங்கன் பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை.

அப்பாவுக்கு அன்று மறுமொழி சொல்லியிருக்கலாம். சொந்தக் கவலைக்கு அழப் போனால் ஆயிரம் வேலை குறுக்கே நிற்கும். இல்லாத ஒருத்திக்காக அழுதால் யாரும் மறிக்கமாட்டார்கள், அழுகிற சாட்டில் எங்களுடையதும் கரைந்து போகும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். படித்தவர்கள் இதைவிட வடிவாகச் சொல்லக்கூடும்.

இவ்வளவும் நினைத்து முடிய பஸ்சும் பாதித் தூரம் வந்துவிட்டது. பக்கத்துப் பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் முழங்கையை மெல்லத் தொட்டேன்.

"ஆர் பிள்ளை செத்தது?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். இரண்டு குமிழையும் கழற்றினாள். "இன்னும் சாகேல்லை அன்ரி. ஆனால் அவனுக்குத் தெரியாது, இவளுக்கு வருத்தம் எண்டு..." கைகளை விரித்து விரித்துச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். அவன் விமான நிலையத்துக்கு ஓடுகிற இடத்தில் உயிலங்குளம் வந்துவிட்டது. "ஐயோ, என்ர இடம்! மிச்சத்தை யூடியூப்பில பாருங்கோ அன்ரி!" என்று இறங்கிப் போய்விட்டாள்.

பஸ் தீவுக்குப் போகிற பாலத்தில் ஏறியது. தெற்கே மின்சாரக் காற்றாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தில்தான் எங்கள் வாடி இருந்தது. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது கதீஜா ராத்தா குடும்பம் புத்தளத்துக்குப் போனது. திரும்பி வந்தவர்களில் ராத்தா இல்லை. றீற்றா அக்கா கனடாவில். போன் எடுத்தால் குளிரைப் பற்றித்தான் பேச்சு. பிலோமினா அக்காவைப் போன வருடம் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அன்றைக்கும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை.

அந்தக் கொரியாப் பெடியன் விமான நிலையத்துக்கு நேரத்துக்குப் போயிருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். பக்கத்து ஆசனம் வெறுமையாகக் கிடந்தது. கையில் உப்பு இல்லை. என் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.