அடுக்குச் செம்பருத்தியும் லீவு போட்ட ஜீனும்

இன்று காலை மாட்டுங்கா பூக்கடையில் நான் காட்டிய புத்திசாலித்தனம்...

மகள் பெனிட்டா பி.எஸ்சி தாவரவியல். இன்று வகுப்பில் அவளுக்கு செமினார். ஒரு செம்பருத்தியைப் பிரித்துக் காட்டி, எந்த ஜீன் எந்தப் பாகத்தை உண்டாக்குகிறது என்று சொல்ல வேண்டும். மார்க் உண்டு.

பூ வாங்கும் பொறுப்பு என்னுடையது. (அவள் செய்த முதல் தப்பு.)

செவ்வாய்க்கிழமை. பிள்ளையார் பூஜைக்கு எல்லோரும் செம்பருத்தி அள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் கடைசி சாதாப் பூப் பொட்டலத்தை நீட்டினார்.

"ஆக்ரி ஹை அண்ணா, லேலோ."

வெறும் ஐந்து இதழ். என் மகளுக்கா? வேண்டாம் என்றேன். பின்னால் நின்ற ஒரு பெண்மணி அதை வாங்கிப் போய்விட்டார். நான் ரோஜா போலக் கொழுத்த அடுக்குச் செம்பருத்தியோடு நெஞ்சை நிமிர்த்தித் தாராவிக்கு வந்தேன்.

பெனிட்டா டப்பாவைத் திறந்தாள். முகம் விழுந்துவிட்டது.

"எப்பா, இதுல மகரந்தமே இல்லையே. நான் எதப் பிரிச்சுக் காட்ட?"

"இதழ் கூடுனா மார்க்கும் கூடும்னு நெனச்சேம்மா."

"பத்தாங்கிளாஸ ரெண்டு தடவ எழுதுன மூளைல்லா," என்றாள் என் மனைவி எஸ்தர், தோசையைத் திருப்பியபடி.

மகள் கண்ணில் தண்ணீர் முட்டியது. பேச்சை மாற்ற, "மகரந்தம் எங்கட்டி போச்சு?" என்று கேட்டேன்.

"பூவுல நாலு வட்டம்ப்பா. வெளிய பச்சப் புல்லி, அடுத்து இதழ், அடுத்து மகரந்தத்தாள், நடுவுல சூலகம். எங்க எது வரணும்னு ஏ, பி, சின்னு மூணு கூட்டம் ஜீன் சொல்லும். சி ஒழுங்கா வேல பாக்கலன்னா ஏ உள்ள வந்துரும். மகரந்தம் வரவேண்டிய எடத்துலயும் இதழே வரும்."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. நான் கார்கானாவில் (தையல் பட்டறை) பை தைக்கிறவன்.

"நம்ம கார்கானால ஜிப் போடுத சலீம் லீவு போட்டா, பாக்கெட் தைக்கிறவன் அங்கயும் பாக்கெட்ட வச்சுத் தச்சுருவான். அதான?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு டப்பாவை மூடினாள்.

"எப்பா, சாதாப் பூ படத்துல இருக்கு. லீவு போட்ட பூ கைல இருக்கு. ரெண்டையும் காட்டப் போறேன்."

தோசையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடினாள். மத்தியானம் வரை நான் தைத்த தையல் எதுவும் நேராக வரவில்லை.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"சலீம் மாமா கதைய சொன்னேன்ப்பா. கிளாஸே சிரிச்சுது. கெட்ட பூவ வச்சுத்தான் ஜீனோட வேலையே புரியுதுன்னு மிஸ் சொன்னாங்க. நல்ல மார்க்கு."

நான் எஸ்தரை ஒரு பார்வை பார்த்தேன்.

"எல்லாஞ் சரி," என்றாள் அவள். "பூராம் பாக்கெட்டு, ஜிப்பே இல்ல. பாக்க அழகு, ஒரு சாமானும் தங்காது. அப்பிடி ஒண்ணு நம்ம வீட்டுலயும் இருக்குல்லா?"

அம்மாவும் மகளும் என்னைப் பார்த்தே சிரிக்கிறார்கள்.

எனக்குள் எந்த ஜீன் லீவில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். எஸ்தருக்குத் தெரிவதற்குள் அதை வேலைக்குக் கூப்பிட வேண்டும்.