எந்த சுவிட்சு எதற்கு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்தது. சமையலறையில் இன்னொன்று. ஒதியம்பட்டில், அப்பா துபாயில் வண்டி ஓட்டி அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு அது. டைல்ஸ் என்ன நிறம், வாசல் கதவு என்ன மரம் என்பதையெல்லாம் போனிலேயே சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தவருக்குப் பிளக் பாயிண்ட் நினைவுக்கு வரவில்லை. குடியிருந்து பார்த்தால்தானே அது தெரியும்.

இருந்ததை வைத்து அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். டி.வி.யும் டேபிள் பேனும் போன் சார்ஜரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒன்றாக இருக்கலாம். சூடாகிற சாமான் எதுவும் அதில் ஏறக் கூடாது. இஸ்திரிப் பெட்டி என்றால் நேராகச் சுவரில், அதுவும் தனியாக. என் யூனிபார்முக்கு அம்மா இஸ்திரி போடும்போது டி.வி. நின்றுவிடும். அவள் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேன் வருவதற்குள் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போவாள்.

“ஆளில்லாத வூட்டுல எதுவும் ஓடக் கூடாது.”

“நான் இருக்கேனேம்மா.”

“நீ ஆளா?”

பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவள் வரும்வரை நான் சத்தமே இல்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஏரிக்கரைப் பக்கம் டிராக்டர் ஓடினால்கூட அது எனக்குத் துணையாக இருந்தது.

வீடு கட்டிய பிறகு அப்பா வந்த முதல் லீவு, நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது. கயிறு சுற்றிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்தால் ஓவன், மின்சாரக் கெட்டில், ரொட்டி வாட்டும் மெஷின் என்று வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் பிளக் சதுரக் கால்களோடு இருந்தது. எங்கள் சுவரில் நுழையவில்லை. அதற்கென்று அடாப்டர்களும் ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்காக ஓவனில் முழுக் கோழி வைப்பதாகச் சொன்னார். அம்மா சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்பா எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அடாப்டர்மேல் அடாப்டராகச் செருகி, ஓவனைப் போட்டார், கெட்டிலைப் போட்டார், நான் கேட்டேன் என்று ரொட்டி மெஷினையும் போட்டார். டி.வி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க ஏதேதோ உறுமியது. எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். “ஏங்க, அந்த பாக்ஸு தாங்காது. ஓவனை மட்டும் செவுத்துல போடுங்க. மத்ததெல்லாம் எடுத்துடுங்க.”

“இன்னா நீ, அங்க ஒரே ரூம்ல ஆறு பேரு, எல்லாத்தையும் ஒண்ணாத்தான் போடுவோம். ஒண்ணும் ஆவாது.”

“அது அந்த வூடு.”

அப்பா சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பாக்ஸின் ஓரம் உருகி, வளைந்து, டி.வி.மேல் போர்த்தித் தொங்கவிட்டிருந்த துணியில் தீ பிடித்தது. அப்பா ஓடிப்போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

“ஊத்தாதீங்க, கரண்டு இருக்குது! மெயினை எறக்குங்க!”

குடத்தைப் பிடித்தபடி அப்பா வாசலைப் பார்த்தார், கொல்லைப் பக்கம் பார்த்தார், சுவர்களைப் பார்த்தார். எந்தப் பக்கமும் கால் நகரவில்லை. அம்மா அவரைத் தாண்டி ஓடினாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த மெயினை இறக்கிவிட்டு, கையில் அகப்பட்ட நெல் சாக்கால் டி.வி. துணியை அடித்து அணைத்தாள். சுவரில் ஒரு கறுப்புத் தடம் மட்டும் மிஞ்சியது.

எல்லாம் நின்றுபோன அந்த அமைதியில் அப்பா குடத்தைக் கீழே வைத்தார்.

“மெயினு எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியலையே” என்றார்.

அம்மா அவரைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ பாதி வெந்த கோழியை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் குழம்பாக வைத்தாள். அப்பா சாப்பிடும்போது தலை நிமிரவில்லை.

மீதி லீவு முழுவதும் வயரிங் வேலை நடந்தது. வில்லியனூரிலிருந்து வயர்மேன் வந்து ஓவனுக்கென்று தடித்த வயரில் தனி லைன் இழுத்தார், எர்த் போட்டார், லோடு கூடினால் தானே விழுந்துவிடும் டிரிப்பர் வைத்தார். அப்பா அவர் பின்னாலேயே ஏணியைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். பழைய சிநேகிதர்களைப் பார்க்க பாகூர் போவதாகச் சொல்லியிருந்தார். போகவில்லை.

வேலை முடிந்ததும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு போர்டாகச் சுற்றினார். எந்த சுவிட்சு எதற்கு என்று நான்தான் சொல்ல வேண்டும். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு, கையால் தடவிச் சரியான சுவிட்சைப் போட்டுக் காட்டுவார். பேனுக்குப் பதில் லைட் எரிந்தால் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

“இன்னொரு வாட்டி, பாப்பா” என்பார்.

எனக்கு அலுத்துப்போன பிறகும் அவர் விடவில்லை. துபாய்க்குத் திரும்புகிற அன்று, வெளியே கார் வந்து நிற்கும்போதுகூட, கண்ணை மூடிக்கொண்டு கூடத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவரைக் கூப்பிடவில்லை.

போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம் கேட்டது. சாப்பிட்டாயா, படித்தாயா என்று எதுவும் கேட்கவில்லை.

“பாப்பா, கூடத்துல பேன் சுவிட்சு எடது பக்கத்துலேர்ந்து ரெண்டாவதுதான?”

“ஆமாம்பா.”

“பக்கத்துல இருக்குறது டியூப் லைட்டு.”

“ஆமாம்பா.”

“போடு பாக்கலாம்.”

போட்டேன். எரிந்தது என்று சொன்னேன். அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே லைட் எரிவதைத் தெரிந்து இவருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். தெருவில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு விளையாட ஓடினேன்.